அப்பா நீட்டிய கை

முல்பெர்ரி சாலை,
மேற்குக் கன்சாஸ்.
ஆகஸ்ட் மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜனெலுக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டி ஜப்பானில் இருக்கிற நீ காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல், அந்தக் கடற்படை ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு நீ சாப்பிட மறக்காமல், நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஆனால் எழுத வரவில்லை கண்ணு. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில் போன் நின்றுபோனதே, அது சிக்னல் போய் நிற்கவில்லை. நான்தான் அணைத்தேன். நீ அப்பாவிடம், "கார்டெலுக்கு இப்படி ஆயிடுச்சாமேப்பா" என்று ஆரம்பித்ததும் சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்து பிடுங்கிவிட்டேன். என்னவாம் அவளுக்கு, கார்டெலுக்கு என்னவாம் என்று கேட்டார். அவன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டதைச் சொல்கிறாள் என்றேன். "அதுக்கா இந்தப் பதறு பதறுறா, சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு எல்லாம் பெருசுதான்" என்று சிரித்தார். என்னை மன்னித்துக்கொள். உன் பழைய சிநேகிதி யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிகிறது. அவள் சொன்னது உண்மைதான். உன் தம்பி கார்டெலுக்கு அந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் இருந்த இடம் போய்விட்டது. அப்பாவுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. வீடு சின்னது, டிராக்டர் சத்தத்தில் அவர் காது போய்விட்டாலும் மறைக்க வேண்டியது மட்டும் எப்படியோ அவர் காதில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். வருகிற ஞாயிறு அவருக்கு அசதி, தூங்குகிறார் என்று சொல்லிப் பேச்சைத் தள்ளிப்போடுவேன், அதற்கு அடுத்த ஞாயிறுக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ பள்ளியில் டிரம்பெட் ஊதினவள், ஃபுட்பால் ஆட்டத்துக்கு வந்தாலும் இடைவேளையில் வாசித்துவிட்டுப் பாப்கார்ன் வாங்க ஓடிவிடுவாய், உனக்கு இந்த விதிகள் ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்துக் கோச்சுகள் பள்ளிக்கூடத்துப் பையன்களை நினைத்தபோது வந்து பார்த்துவிட முடியாதாம். வருடத்தைக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். சில வாரங்களில் வீட்டுக்கே வரலாம். சில வாரங்களில் தூர நின்று ஆட்டத்தைப் பார்க்கலாம், பேசக் கூடாது. சில வாரங்களில் நாம் அவர்கள் இடத்துக்குப் போனால் பேசலாம், அவர்கள் நம் பக்கம் வரக் கூடாது. தடைக்காலம் என்று ஒன்று இருக்கிறது, அப்போது நேரில் பார்க்கவே கூடாது, பையனை மட்டுமல்ல, பெற்றவர்களையும். போனில் பேசலாம், செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். பள்ளிக் கோச் இதையெல்லாம் ஒரு காலண்டரில் வண்ணம் அடித்துக் கொடுத்தார், தடைக்காலத்துக்குச் சிவப்பு. விதைக் கம்பெனிக் காலண்டருக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். சிவப்பு நாட்களில் பையன் சும்மா இருக்கக் கூடாது, தான் ஆடின படங்களை அனுப்ப வேண்டும், வாரம் ஒரு தடவை தானே கூப்பிட்டுப் பேச வேண்டும், மார்க்கு குறையக் கூடாது, அந்தப் பக்கம் சத்தமில்லையே என்று மனம் உடையவும் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். போன இலையுதிர் காலத்தில் நம் ஊர் ஆட்டத்தைப் பார்க்க ஒரு கோச் வந்து வேலி ஓரமாக நின்றிருந்தான். குளிரில் நிற்கிறானே பாவம் என்று நான் ஒரு பீராக் சூடாக எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். முட்டைக்கோசும் இறைச்சியும் பொடியாக நறுக்கி ரொட்டி மாவுக்குள் வைத்து நான் சுட்டது, யாரும் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "வணக்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தே போய்விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகுதான் பள்ளிக் கோச் சொன்னார், அன்றைக்கு அவன் என்னோடு பேசி நிற்கவே கூடாதாம்.

அவன்தான் டோபின். ஜனவரியில் வரலாம் என்கிற வாரம் வந்ததும் முதல் ஆளாக வந்து கதவைத் தட்டி, "அந்த பீராக் இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டான். அதோடு என் கோபம் போயிற்று. முப்பது வயதுகூட இருக்காது, பக்கத்து மாவட்டத்தில் கோதுமை போடுகிற குடும்பம், காது வரை வெயில் பட்ட முகம். அன்றைக்குப் பார்த்துக் கொட்டகையில் ஒரு மாடு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போனார், இவனும் நல்ல சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கூடவே போனான். கன்று பிழைத்தது. திரும்பி வந்த அப்பா என்னிடம் ஃபுட்பாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இந்தப் பய சொல்லாமலே மாட்டு வேலி கேட்ட மூடிட்டு வர்றான், லோர்னா" என்றார். அவர் வாயால் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை. உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு வந்தானே அந்த வரிசைப் பல் பையன், அவன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

மே மாதம் கார்டெலுக்கு இடம் தருகிறோம் என்று டோபின் போன் செய்தான். அன்றைக்கு அப்பா அறுவை மேசையில் இருந்தார். நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டு அந்தச் சந்தோஷத்தைக் கேட்டேன், கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து அப்பாவுக்கு இனி அதிக நாள் இல்லை என்று சொன்னார். ஒரே நாளில் இரண்டையும் கேட்ட காது இது. ஜூன் ஆரம்பத்தில் பல்கலைக்கழகத்தைப் பார்க்க நானும் கார்டெலும் போனோம், அப்பாவால் வர முடியவில்லை. திரும்பி வந்து எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்குத் தெரியுமே அவர் வழக்கம். பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாலும் சரி, காளையை விற்றாலும் சரி, நம் மண்ணில் நின்று கை குலுக்காமல் அவருக்கு எதுவும் முடிந்ததில்லை. கையெழுத்தெல்லாம் அவருக்குச் சும்மா. "நான் இன்னும் அவனுக்குக் கை குடுக்கலையே. என் பையன போன்லயா அனுப்பி வைப்பேன்?" என்றார். அதற்குள் காலண்டரில் சிவப்பு வந்துவிட்டது. முகம் தெரிகிற மாதிரி போனில் பேசுங்கள் என்று கார்டெல் போட்டுக் கொடுத்தான். அப்பா அதைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் டோபின் அவர் காது மடலைப் பார்த்தே அரை மணி நேரம் மரியாதையாகப் பேசினான், இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஆளு மூஞ்சியப் பாக்கணும் லோர்னா, ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லு" என்று தினமும் நச்சரித்தார். சிவப்பு முடிகிற வரைக்கும் பொறுங்கள் என்றேன். டாக்டர் சொன்ன கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவரைப் பொறுக்கச் சொல்வது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார்.

பிறகு அறுவடை வந்தது. நோயாளி வீட்டுக் கோதுமையை ஊரே கூடி அறுத்துக் கொடுக்கிற வழக்கம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீ சின்னவளாக இருந்தபோது நாமும் போயிருக்கிறோம். இந்தத் தடவை நம் முறை. பக்கத்துப் பண்ணை ஆர்லிஸ் முன்னால் நின்று ஏற்பாடு செய்தார். காலையில் பனி உலர்ந்ததும் சாலை முழுக்க அறுப்பு வண்டிகளாக வரிசை கட்டி வந்தன, பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பாவோ, "அந்தப் பச்சை வண்டிக்காரன் ரொம்ப உசரத்துல அறுப்பான், தாள் வீணாப் போகும்" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தலையணை வைத்து பிக்கப் வண்டியில் உட்கார்த்தி வயல் வாசலில் நிறுத்தியிருந்தேன். தானியம் ஏற்றுகிற லாரிகளில் கடைசியாக ஒன்று வந்தது. ஆர்லிஸ் என் பக்கமாகக் குனிந்து, "லோர்னா, அந்த லாரிய ஓட்டுறது யாருன்னு கேக்காத, எனக்கும் தெரியாது" என்றார். அது டோபின் அப்பாவின் லாரி. பெரியவருக்கு முதுகுவலி, டோபின் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான், ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டு அவனே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பல்கலைக்கழகத்தில் விதியைக் கவனிக்கிறவரிடம் கேட்டிருந்தால் போகாதே என்றுதான் சொல்லியிருப்பார், அது தெரிந்தே கேட்காமல் வந்திருக்கிறான். பள்ளிக் கோச்சிடம் மட்டும் சொல்லிக் கார்டெலைக் கிழக்கு வயலோடு நிறுத்தி வைத்துவிட்டு, இவன் மேற்கு வயலிலிருந்து ஏற்றிக்கொண்டு போனான். சாலையில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தபோது ஸ்டியரிங்கின் மேல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்களாம், ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தூக்குகிற அதே விரல்தான். மதியம் நாங்கள் வயலிலேயே மேசை போட்டுப் பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டி உருளைக்கிழங்கும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பையும் பரிமாறியபோது அவன் மட்டும் இறங்கவில்லை. லாரிக்குள் உட்கார்ந்து தான் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றான். எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் இந்தத் தடவை நான் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த பிள்ளை அவன்.

வெயில் சாய்வதற்கு முன்பே அறுத்து முடித்துவிட்டார்கள். கடைசி லோடு அவன் லாரியில். கடைசி லோடிலிருந்து ஒரு பிடி அள்ளி அப்பாவிடம் கொடுக்க வேண்டும், அவர் கடித்துப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொன்னால்தான் அறுவடை முடிந்தது, அதுவும் உனக்குத் தெரியும். ஆர்லிஸ் அள்ளிக் கொடுத்தார். அப்பா கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார், வாசலைத் தாண்டுவதற்காக லாரி மெதுவாக வருகிறது, உள்ளே டோபின். அப்பா முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டிவிட்டார். டோபின் லாரியை நிறுத்தி இறங்கினான். கார்டெலும் வேலை முடிந்து அங்கேதான் வந்து நின்றுகொண்டிருந்தான், அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், வேண்டாம் என்று. டோபின் தூரத்திலேயே நின்றுகொண்டு, "ஐயா, இன்னிக்கு நான் உங்ககிட்ட வரக் கூடாதுங்க, அடுத்த மாசம் வந்து பாக்குறேங்க" என்றான். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. கையை மடக்கவும் இல்லை. அந்தக் கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன். அது வெளியே நீண்டபடியே இருந்தது, ஊர் ஆண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் ஊரில் நீட்டின கையை ஒருவன் அப்படியே விட்டுவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பையனுக்கும் தெரியும், அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே. கையுறையைக் கழற்றினான், தொப்பியைக் கழற்றினான், நடந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா விடவில்லை. "கேட்ட மூடுறவன் நீ. என் பையன உன்கிட்ட விடுறேன், பாத்துக்க" என்றார். அவன் "பாத்துக்கிறேங்க ஐயா" என்று இரண்டு தடவை சொன்னான். பக்கத்தில் நின்ற ஆர்லிஸ் மூக்கைச் சிந்தித் தூசி தூசி என்று சொல்லிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டொனெட்டா அத்தை போனில் படம் எடுத்துவிட்டாள்.

அந்தப் படத்தை நீயும் பார்த்தாய், இதயம் போட்டிருந்தாய். அப்பா கையும் டோபின் கையும், பின்னால் கார்டெல், அதற்குப் பின்னால் அறுத்து முடித்த வயல். அத்தை அதன் கீழே, இன்று என் அண்ணன் கார்டெலின் காலேஜுக்குத் தன் கையால் சம்மதம் கொடுத்தார், அவர்கள் கோச்சே வந்து கோதுமை ஏற்றினார் என்று எழுதிப் போட்டுவிட்டாள். பெருமையில் செய்ததுதான். அவளுக்கு என்ன தெரியும், சிவப்புக் காலண்டர் என் வீட்டுக் கதவில் அல்லவா இருக்கிறது. எதிர்ப் பல்கலைக்கழகத்தின் ரசிகன் ஒருவன் அதை எடுத்து, தடைக்காலத்தில் அறுவடையா என்று கிண்டல் எழுதி ஊரெல்லாம் பரப்பினான். அதற்கு முன்பே டோபின் என்னைக் கூப்பிட்டான். படத்தை எடுக்கச் சொல்லிவிடவா என்று கேட்டேன். "வேணாம்மா, எடுத்தா மறைச்ச மாதிரி ஆயிடும். நானே போய்ச் சொல்லிடுறேன். தப்பு செஞ்சது நான், கார்டெலுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறேன்" என்றான். ஏன் தம்பி அந்தக் கையைப் பிடித்தாய் என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "எங்கப்பா கையா இருந்தா என்னம்மா பண்ணுவேன்" என்றான்.

ஆனால் கார்டெலுக்கு ஆகிவிட்டது. பல்கலைக்கழகமே மேலே எழுதித் தன் தப்பை ஒப்புக்கொண்டது. தண்டனையாக அங்கிருந்து யாரும் கொஞ்ச நாளைக்குக் கார்டெலோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். டோபினை இனிப் பையன்களைத் தேடி வெளியே போகாதே என்று உட்கார்த்திவிட்டார்கள், அடுத்த வருடம் அங்கே இருப்பானா என்பதே தெரியாதாம். நம் பிள்ளைக்காக அங்கே வாய் திறக்க இருந்தது அவன் ஒருவன்தான். பேசாத அந்த நாட்களில் டெக்சாஸ் பையன் ஒருவனுக்குக் கார்டெலின் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். வாயால் சொன்ன இடம்தானே, டிசம்பரில் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் அது யாருக்கும் சொந்தமில்லையாம். பள்ளிக் கோச் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமும் கார்டெலிடமும் சொன்னார். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கார்டெல் அழவில்லை. "அப்பாவுக்குச் சொல்லக் கூடாதும்மா. சொன்னா, தான் நீட்டுன கையாலதான் போச்சுன்னு நெனைப்பாரு" என்றான். பதினேழு வயதுப் பிள்ளை ஜனெல்.

அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்த அன்று இங்கே வந்தாள், வாசலில் நின்று, "என் கைய ஒடிச்சுப் போடு லோர்னா" என்று அழுதாள். எனக்கு அன்றைக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன், உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அதிலிருந்து அவள் வீட்டுக்குள் வருவதில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஏதாவது சமைத்து வாசலில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறாள். அப்பா ஜன்னலிலிருந்து பார்க்கிறார். ஏன் என் தங்கச்சி உள்ளே வராமல் போகிறாள் என்று கேட்டார். அறுவடை வேலை, நிற்க நேரமில்லை என்றேன். "அறுவடதான் முடிஞ்சு போச்சே" என்றார். இப்போது எனக்குக் கோபம் இல்லை. அவள் பாத்திரங்களைக் கழுவி அடுக்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு நானே எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். நீயும் அவளுக்கு ஒரு வார்த்தை எழுது, திட்டாமல் எழுது.

கார்டெல் எப்போதும் போல விடியும் முன்பே எழுந்து பள்ளிக்கூடத்துக்கு எடை தூக்கப் போகிறான். யாருக்காகத் தூக்குகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற சின்னக் காலேஜ் ஒன்று அவனைக் கேட்கிறது, அவர்கள் கோச் நல்ல மனிதராகத் தெரிகிறார். அங்கே போனால்கூட எனக்கு நிம்மதி. என் பயம் வேறு. அப்பாவுக்குப் பிறகு நிலத்தை யார் பார்ப்பது, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவன் உட்கார்ந்துவிடுவானோ என்றுதான் பயம். போன வாரம் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே, "எங்கயும் போகாட்டி என்னம்மா இப்ப" என்றான். அவன் போக வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை, நிலத்தை ஆர்லிஸ் மகனுக்குக் குத்தகைக்கு விடக்கூட மனதில் முடிவு செய்துவிட்டார். நீ சொன்னால் கார்டெல் கேட்பான். அவனுக்குத் தனியாகப் போன் செய், உபதேசம் செய்யாதே, அது அவனுக்குப் பிடிக்காது. அந்தச் சின்னக் காலேஜைப் பற்றிச் சும்மா விசாரி, மற்ற இடங்களுக்கும் படம் அனுப்பச் சொல், இன்னும் சீசனே தொடங்கவில்லை, ஒரு கதவு மூடினதற்கு மொத்த வீடும் பூட்டிக் கிடக்கிறது என்று உட்கார வேண்டாம் என்று சொல். சிவப்பு நாட்களில் மட்டும் யாருடைய வயலுக்கும் யாரையும் வர விடாதே என்று நான் சொல்லியாயிற்று.

மாலையில் அவன் குளித்துவிட்டு வந்து அப்பா கட்டிலில் உட்காருவான். அந்தப் பல்கலைக்கழகத்துத் தொப்பி கட்டில் கம்பத்தில்தான் மாட்டியிருக்கிறது, கழற்றினால் ஏன் என்று கேட்பார். டோபின் இன்றைக்கு என்ன சொன்னான் என்று கேட்பார். சாயங்காலம் ஓடச் சொன்னார், பருப்பும் முட்டையும் நிறையச் சாப்பிடச் சொன்னார் என்று இவன் எதையாவது சொல்வான், பொய் பேசத் தெரியாத பிள்ளை, காதெல்லாம் சிவந்துபோகும். வெயிலில் நின்றான் என்று நான் நடுவில் சொல்வேன். அப்பா கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்தில் இருக்கிற நிம்மதியைப் பார்க்கும்போது நடந்தது எல்லாம் நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்கே தெரியாமல் போகிறது. அந்தக் கை கிடைக்காமல் போயிருந்தால் அவர் இப்படிக் கண்ணை மூடியிருக்க மாட்டார். கிடைத்ததால் பிள்ளைக்கு வழி போயிற்று. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு சமைக்கிறேன், துவைக்கிறேன். டாக்டர் அக்டோபர் என்று சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் சொல்லவில்லை. உன் லீவு விண்ணப்பத்தை இப்போதே கொடுத்து வை. நவம்பர் என்று தள்ளாதே.

சரி, அப்பா உன்னிடம் என்ன கேட்கப் போகிறார் என்பதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன், அடுப்பில் சூப் இருக்கிறது. அடுத்த வருடம் கார்டெல் அந்தப் பெரிய மைதானத்தில் ஆடுகிற முதல் ஆட்டத்துக்கு நாம் எல்லாரும் போக வேண்டும், அதற்கு உன்னை லீவு போட்டு வரச் சொல்லப் போகிறார். உட்காருகிற இடம்வரை யோசித்து வைத்திருக்கிறார். வெயில் முகத்தில் அடிக்காத மேற்குப் பக்கமாம், நான் நடுவிலாம், நீ பாப்கார்னுக்கு எழுந்து எழுந்து ஓடுவாய் என்பதால் உனக்கு ஓரமாம். கேட்டதும் யோசிக்காமல் வருகிறேன் என்று சொல். அங்கே குளிருமே, உங்களுக்கு என்ன கோட் வாங்கி வரட்டும் என்று நீயே கேள். சாம்பல் நிறம் சொல்வார், ஏன் எப்போதும் சாம்பல் நிறமே என்று அவரோடு கொஞ்சம் சண்டை போடு, அவருக்கு அது பிடிக்கும்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும். குளிருக்கு முன் காலுறைகள் அனுப்புகிறேன், இரவு வேலையில் வெறும் காப்பியோடு இருக்காதே. இன்னும் ஒன்றே ஒன்று. அப்பா இப்போதெல்லாம் போனைக் காதில் வைப்பதில்லை. கார்டெல் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டான், கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு முகத்தைத்தான் பார்க்கிறார். நீ சொல்வது பாதி அவருக்குக் கேட்காது, அதனால் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அழுவதானால் முன்னாலேயே அழுது, கழுவிவிட்டு வந்து உட்கார்.

உன் அம்மா
லோர்னா